ஜிகினாச் சட்டையும் செவ்வரளிப் பொட்டலமும்

சேகர்,

எந்தத் தாளை எடுத்தாலும் தலையில் 'அம்மன் துணை' என்று எழுதிவிட்டுத்தான் மேலே போவேன். மளிகைக் கணக்கில்கூட அதை எழுதாமல் ஆரம்பித்ததில்லை. "உப்பு புளிக்கெல்லாமா அம்மன் துணை இருப்பா?" என்று நீ கேலி செய்வாய். இந்தத் தாளில் மேலே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறேன், பார். மறதியால் விட்டதில்லை. ஏன் விட்டேன் என்று சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

புதன்கிழமை நீ பம்பாய்க்கு ரயில் ஏறுகிறாய். பெரிய ஹோட்டலில் பாட்டு, இசைத்தட்டுப் பதிவு என்று உன் குழு மொத்தமும் போகிறது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். உன் நைனா மதிய ஷிப்டுக்குப் போனதும் அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நேரில் சொல்லலாமே என்று நீ நினைக்கலாம். பூக் கட்டிப் பார்த்த நாளிலிருந்து நீயும் நானும் பேசுவது, சோறு வைக்கட்டுமா, வேண்டாம், இந்த இரண்டோடு முடிந்துபோகிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவளில்லை. நீ ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து கூட்டியவள். அப்புறம் கடையில் பருப்பு கட்டித் தந்த காகிதத்தையெல்லாம் நீவிப் பிரித்துப் படித்துத்தான் இந்த அளவுக்கு எழுத வந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் வயதுப் பையன்களுக்கெல்லாம் குரல் உடைந்து கரகரத்தபோது உன் குரல் மட்டும் இரண்டு ஆளாக நின்றது. கீழேயும் போகும், மேலேயும் ஏறும். மார்கழி பஜனையில் நீ பெண்கள் பக்கம் நின்று பாடினால், கண்ணை மூடிக் கேட்பவர்கள் யார் வீட்டுப் பெண் என்று கேட்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. நம் சேக்காட்டில் அப்போது யாரும் அதைத் தப்பாகச் சொல்லவில்லை. பிறகு அம்பத்தூரில் சைக்கிள் பாகம் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய். சனிக்கிழமை சனிக்கிழமை நேரம் கழித்து வர ஆரம்பித்தாய். கேட்டால் பட்டாபிராம் ரயில் சைடிங் பக்கம் மூடிக் கிடக்கிற அரிசி மில்லில் பாட்டுப் பழகுகிறோம் என்றாய். அங்கே யார் யார் வருகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பட்டறை ஆட்கள், முடிவெட்டும் கடைப் பையன்கள், பட்டாளத்து பாரக்ஸில் சமையல் வேலை பார்ப்பவர், ஒரு ஆபீஸ் குமாஸ்தா. கல்யாணமானவர்களும் உண்டு, ஆகாதவர்களும் உண்டு. எல்லாரும் ஆண்கள். உள்ளே போய்க் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு ஆடுகிறார்கள் என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி சொன்னபோது, என் குடம் நிறைந்து வழிந்ததை நான் கவனிக்கவில்லை. அதற்கு மேல் நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் ராஜமாணிக்கம் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். அம்பத்தூரில் தையல் கடையில் துணி வெட்டுகிறவன். உங்கள் குழுவுக்கு அவன்தான் தலைவன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"யக்கா, உங்க கைத்தையல் நல்லா கீதுன்னு சேகர் சொன்னான். அஞ்சு சட்டைக்கு ஜிகினா வச்சிக் குடுக்கணும்."

"ஆம்பளைங்க சட்டைக்கு எதுக்குப்பா ஜிகினா?"

"மேடைக்குத்தாங்கா. லைட்டு பட்டா மின்னணும். மூஞ்சி இப்பிடி கீது, சட்டையாவது மின்னட்டுமே."

சிரித்துவிட்டேன். சிரித்ததால் வாங்கிக்கொண்டேன். கழுத்தைச் சுற்றி மயில் தோகை மாதிரி பச்சையும் நீலமுமாக வைத்துத் தைத்தேன். அந்தச் சட்டைகளோடு நெமிலிச்சேரித் திருவிழாவில் நீங்கள் முதல்முதலாக மேடை ஏறினீர்கள். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே முன்வரிசையில் ஒருத்தன் எழுந்து, "டேய், ஜிகினாப் பசங்க வந்துட்டானுங்கடா, பொடவை எங்கடீ?" என்று கத்தி இளநீர் மட்டையை எறிந்தான். ராஜமாணிக்கம் மைக்கைப் பிடித்து, "பொடவை வண்ணான்கிட்ட கீது மாமே. வந்ததும் உனக்கே அனுப்பறேன், உன் இடுப்புக்குத்தான் அளவு சரியா இருக்கும்" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதன் பிறகு அவன் போட்ட பெயர்தான் ஜிகினா பாய்ஸ். எறிந்த மட்டையை எடுத்துப் பெயர்ப்பலகை செய்துகொண்டவன் என்று நினைத்துக்கொள்வேன். அவனை எங்கேயும் விட்டுவிடாதே. பம்பாயில் உனக்கு அதட்டிச் சொல்ல ஒருத்தர் வேண்டும், அதை அவன் செய்வான்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. அடுத்த தடவை சட்டைகளைத் தைத்து முடித்ததும் நீ வந்து எடுத்துக்கொண்டு போவாய் என்று காத்திராமல், நானே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மில்லுக்கு வந்தேன். நல்ல வெயில், மத்தியானம் மூன்று மணி இருக்கும். தகரக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம்.

"ஏய் ரஞ்சிதம், இடுப்ப ஒடிச்சி நில்லுடீ. மரக்கட்டையாட்டம் நிக்கிறியே."

"போடீ. உன் இடுப்பு எங்க கீதுன்னு மொதல்ல தேடு, அப்பறம் என் இடுப்புக்கு வா."

இரண்டாவது குரல் உன்னுடையது. ரஞ்சிதம் என்றால் நீதான் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தகரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். ஆர்மோனியம் வாசிக்கிற பாஸ்கர் தன் துண்டை எடுத்து உன் கழுத்து வியர்வையைத் துடைத்தான். நீ ஒரு நொடி அவன் தோளில் நெற்றியைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாய். அவ்வளவுதான் நான் பார்த்தது. எனக்கு வந்தது கோபமா, பயமா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்றும் இருந்தது. இந்தச் சிரிப்பு இருபது வருஷத்தில் ஒரு நாளும் என் வீட்டில் கேட்டதில்லையே என்று வயிறு எரிந்தது.

ராஜமாணிக்கம் தண்ணீர் எடுக்க வெளியே வந்தவன் என்னைப் பார்த்து நின்றுவிட்டான். "யக்கா, எத்தினி நேரமா நிக்கிறீங்க?" என்றான். இப்போதுதான் வந்தேன் என்றேன். "உள்ள வாங்க, டீ சொல்றேன்" என்றான். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன், போகணும் என்று மூட்டையை அவன் கையில் திணித்துவிட்டு நடந்தேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது, சேகர். குழாயடியில் சொல்கிற பெயர்கள் தெரியும், அவற்றை உன்மேல் வைத்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை. எனக்குப் போக்கிடம் அம்மன் ஒருத்திதான். அந்த ஆடியில் கூழ் ஊற்றினேன், தீச்சட்டி எடுத்தேன். என்ன வேண்டுதல் என்று நைனா கேட்டார். பையனுக்குப் பாட்டு நல்லா வரணும்னுதான் என்று சொல்லிவைத்தேன். அவள் முன்னால் நின்று கேட்டது வேறு. என் பிள்ளையை மாற்றிக் கொடு என்று கேட்டேன். அவள் நான் கேட்டதைக் கொடுக்கவில்லை. நைனாவிடம் நான் சொன்ன பொய்யைத்தான் நடத்திவைத்தாள்.

எப்படி ஓங்கினீர்கள் நீங்கள். ஆவடியில் கம்பெனிக்குக் கம்பெனி ஆயுத பூஜைக்கு ஜிகினா பாய்ஸ்தான் வேண்டும் என்றார்கள். பூந்தமல்லி, திருவள்ளூர் என்று கல்யாண வரவேற்புகள். ரேடியோவில் உன் குரல் வந்த அன்று நம் தெருவில் யார் வீட்டிலும் அம்மிச் சத்தம் கேட்கவில்லை. இசைத்தட்டு உறையில் ஐந்து பேரும் மயில் மாதிரி நின்றீர்கள். கழுத்தில் என் தையல். ரேஷன் வரிசையில் "ஜிகினா சேகர் அம்மாவா நீங்க? முன்னாடி வாங்க" என்றார்கள். மட்டை எறிந்தவனே தன் தங்கை கல்யாணத்துக்குத் தேதி கேட்டு நம் வாசலில் காத்திருந்தான். "அன்னிக்கி தெரியாம எறிஞ்சிட்டேன்மா" என்றான். காபி கொடுத்தேன். நைனா யூனியன் ஆபீஸில் உன் படத்தை மாட்டிவைத்தார். வயலில் ஏர் ஓட்டிய குடும்பத்தில் அவர்தான் முதலில் பட்டறைக்குப் போனவர், நீதான் முதலில் மேடைக்குப் போனவன் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுக்கவேயில்லை.

ஆனால் நான் ஒன்று கவனித்தேன். உனக்கும் அது தெரிந்திருக்கும். மேடையில் நீ இடுப்பை ஒடித்தால் குடும்பம் குடும்பமாகக் கை தட்டுகிறார்கள். கிழவிகள் திருஷ்டி கழிக்கிறார்கள். விளக்கு அணைந்தபின் அதே ராஜமாணிக்கத்துக்கு அம்பத்தூரில் ஒரு ரூம் வாடகைக்குத் தர ஆள் இல்லை. "நாங்கள்லாம் குடும்பமா இருக்கறவங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரர் வீட்டிலும் உங்கள் இசைத்தட்டு இருந்ததாம். கைத்தட்டலை வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நம்பி யார் வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்விடாதே. பம்பாயிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் புகழ்தான் உன்னை மாட்டியும்விட்டது. மில்லில் ஆடிக்கொண்டிருந்தவனுக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று நான் உள்ளுக்குள் ஒரு நிம்மதியில் இருந்தேன். ரேடியோவில் பாடுகிறவனுக்கு வரிசையில் வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் உன் அத்தை வந்தாள். அவளுக்கு உரிமை இருந்தது. உன் தங்கை மல்லிகாவை அவள் மகனுக்குக் கொடுத்தபோதே, பதிலுக்கு அவள் மகள் வசந்தா நம் வீட்டுக்கு என்று பேசித்தான் கொடுத்தோம். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. இரண்டு பக்கமும் நகை கேட்பதில்லை, சீர் கேட்பதில்லை, யாருக்கும் யாரும் பாக்கியில்லை. கணக்கு நேர் என்று அப்போது நான்தான் முதலில் சரி சொன்னேன். ஒரு பக்கம் நின்றுபோனால் மறுபக்கமும் நிற்காது என்பது அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் மல்லிகா கைப்பிள்ளையோடு நம் வாசலில் வந்து நிற்பாள். பூந்தமல்லியில் அப்படித் திரும்பி வந்த பெண்ணை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

நீ சொல்லிப் பார்த்தாய். நான் மறக்கவில்லை. அரிவாள்மணையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய்.

"அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா."

"வசந்தாவுக்கு இன்னாடா குறை?"

"அவளுக்கு ஒண்ணும் குறையில்ல. எனக்குக் கல்யாணமே வேணாம். ஏன்னு நீ கேக்காத. கேட்டா சொல்லிடுவேன்."

நான் கேட்கவில்லை. மல்லிகா என்று ஒரு சொல் சொன்னேன். நீ எழுந்து போய்விட்டாய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய், சொல்லியிருந்தால் நானும் தகர ஓட்டையைப் பற்றிச் சொல்லியிருப்பேன். கதவைத் திறக்க வந்தவன் முகத்தில் உன் தங்கையை வைத்துச் சாத்தினேன். அதற்குப் பிறகு நீ மறுக்கவேயில்லை. அத்தை வரச் சொன்னால் வந்தாய், சட்டைத் துணி எடுக்கச் சொன்னால் எடுத்தாய். நைனா, "ஊரே தூக்கி வச்சிகினு ஆடுது, பையன் பாரு எவ்ளோ அடக்கமா கீறான்" என்றார். அடக்கம் இல்லை அது. கிணற்றில் விழுந்தவன் கத்திக் கத்தி ஓய்ந்துபோன அமைதி. நானும் அதே கிணற்றில்தான் இருந்தேன். உன்னை ஏற்றிவிட்டால் மல்லிகா விழுவாள். உன்னை விட்டுவிட்டால் நீயும் போவாய், ஒன்றும் அறியாத வசந்தாவும் சேர்ந்து போவாள். நைனாவிடம் சொல்ல முடியாது. அவருக்கு அது விளங்காது, விளங்கினால் அதைவிட மோசம்.

முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னால் நம் அம்மன் கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பது உன் அத்தை குடும்பத்து வழக்கம். வெள்ளை ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்லவேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அவளுக்குச் சம்மதமில்லை, அதற்குமேல் யாரும் வாய் திறக்கக்கூடாது. பெண்ணுக்கும் குறையில்லை, பிள்ளைக்கும் குறையில்லை, கொண்டான் கொடுத்தான் உறவுக்கும் பங்கமில்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிடவேண்டும். பூக் கட்டுவது பிள்ளையைப் பெற்றவள் வேலை. மல்லிகாவுக்குப் பார்த்தபோது உன் அத்தை கட்டினாள், வெள்ளை வந்தது. உனக்கு நான்.

அன்று விடியற்காலை தலைக்குக் குளித்துவிட்டுக் கொல்லையில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்தேன். வாழையிலைத் துண்டு இரண்டு. ஒன்றில் அரளியை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையை விரித்து நந்தியாவட்டையைக் கையில் எடுத்தேன். இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அப்போது உள்ளே நீ இருமினாய், தூங்காதவன் இருமல். நான் நந்தியாவட்டையைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் அரளி பறித்துக்கொண்டு வந்தேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்புத்தான். பறித்த வெள்ளைப் பூவை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளுக்கென்று பறித்ததை எறிய மனம் வரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன். கோயிலில் கண்ணை மூடி நின்றபோது அந்த ஈரம் இடுப்பில் பட்டுக்கொண்டே இருந்தது.

குழந்தை எடுத்தது, பூசாரி பிரித்தார், சிவப்பு. நீ தூணோடு சரிந்து உட்கார்ந்து அழுதாய். "புள்ள ஆசையா இருந்துட்டான் பாவம்" என்று அத்தை உன்னைத் தடவிக் கொடுத்தாள். நைனா உன்னை வெளியே கூட்டிப்போனார். அதற்குப் பின் உள்ளே நடந்ததை நீ பார்க்கவில்லை. அத்தைக்கு மனசு ஆறவில்லை.

"இன்னொண்ணையும் பிரிங்க. பாத்துடலாம்."

"அது வழக்கமில்லம்மா, கெணத்துல போடணும்" என்றார் பூசாரி.

"வழக்கமாவது ஒண்ணாவது. என் பொண்ணு வாழ்க்கை."

அந்தப் பொட்டலத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். வசந்தாதான் குனிந்து எடுத்தாள். "நான் பாக்கறேம்மா" என்று வெளிச்சத்துப் பக்கம் திரும்பி இலையின் ஓரத்தைப் பிரித்தாள். பார்த்தாள். மடித்தாள். "வெள்ளைதாம்மா" என்றாள். நேராகக் கிணற்றடிக்கு நடந்துபோய்ப் போட்டுவிட்டாள்.

பூந்தமல்லி பஸ்ஸுக்கு அவர்களோடு நான் ஆவடி வரை போனேன். நிறுத்தத்தில் வசந்தா என் பக்கத்தில் வந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அத்தை, உங்க முந்தானைல நந்தியாவட்டை வாடுது" என்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு, "அடுத்த தபா எனக்கு யாராச்சும் பூக் கட்டினா, கட்டறதுக்கு முன்னாடி எனக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க" என்றாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். உனக்கு ஏன் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டுமா என்றே யாரும் கேட்கவில்லை. உன்னைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் உன்னைக் காப்பாற்றியதில் பாதி அவள் கை. என்றைக்காவது அவளுக்கு ஒரு உதவி வேண்டுமென்று கேட்டால், ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்.

இதோடு முடிந்தது, உனக்கு மூச்சு வந்திருக்கும் என்று நினைத்தேன். நீ இளைத்துக்கொண்டே போனாய். குங்குமம் வைப்பதை நிறுத்தினாய். வெள்ளிக்கிழமை விளக்குக்கு உள்ளே வருவதில்லை. கல்யாணம் நின்ற வருத்தம் என்று நைனா சொன்னார். எனக்குப் புரியவில்லை. போன வாரம் ஜிகினா வைக்கப் புதுச் சட்டைகளைக் கொடுக்க வந்த ராஜமாணிக்கம் வாசற்படியிலேயே நின்று சொன்னான்.

"யக்கா, அவன் இப்பல்லாம் மேடை ஏறறப்போ கற்பூரம் கொளுத்த மாட்றான். கேட்டா இன்னா சொல்றான் தெரியுமா? என்னை ராஜாத்தின்னுதான் கூப்புடுவான். 'ஊரே என்னைப் பாத்து கை தட்டிச்சு ராஜாத்தி. ஆத்தா ஒருத்திதான் நான் யாருன்னு சரியாப் பாத்து வேணாம்னு சொன்னா'ன்றான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. எங்கள்ல நெறையப் பேருக்கு வீடு இல்ல, வாசல் இல்ல. அவளும் இல்லன்னா இன்னா பண்றது?"

தூணோடு சரிந்து நீ அழுதது அதற்குத்தானா. நான் உன்னைக் கிணற்றிலிருந்து தூக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், நீ அவள் தள்ளிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

கேள், சேகர். அவள் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவே இல்லை. அந்தச் சிவப்பு என் கை வைத்தது. கொல்லையில் நின்று, கண் திறந்து, தெரிந்து வைத்தது. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது, தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன். ஒன்று மட்டும் யோசித்துப் பார்க்கிறேன். உன்னை மாற்றிக் கொடு என்று நான் மாதக்கணக்கில் கேட்டேன். தீயைக் கையில் ஏந்திக் கேட்டேன். அவள் மாற்றவில்லை. முதலில் அது என் பக்திக் குறைவு என்று நினைத்தேன். இப்போது அவளுக்கு அதில் மாற்ற ஒன்றும் இருக்கவில்லையோ என்று தோன்றுகிறது. இது படித்தவர்கள் சொல்லவேண்டியது. எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நான் இப்போது கோயிலுக்குள் போவதில்லை. கூட்டமாக இருக்கிறது, கால் வலிக்கிறது என்று ஏதாவது சொல்லிவிட்டு மதிலுக்கு வெளியே ரோட்டோரம் நின்று கும்பிடுகிறேன். அங்கிருந்து கற்பூரம் காட்டும்போது வெளிச்சம் தெரியும். அவள் பேரைச் சொல்லிப் பொய் செய்தவள் அவள் பேரை எழுதக் கூசுகிறது. மேலே இடம் விட்டது அதனால்தான். நீ எனக்காக வருத்தப்படாதே. இதே காலை மறுபடி வந்தாலும் நான் அரளியைத்தான் பறிப்பேன். வருத்தப்பட்டு வேண்டிக்கொண்டால் மன்னிப்பாள் என்கிறார்கள். என்னால் வருத்தப்பட முடியவில்லையே, பிறகு எப்படி உள்ளே போவது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பூவை மாற்றுவதெல்லாம் ஒரு தடவைதான் நடக்கும். நைனா இப்போதே தோஷம் கழிக்கவேண்டும், வேறு இடம் பார்க்கலாம் என்கிறார். திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பெண்ணின் ஜாதகம் சாமி படத்துக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு இந்த வீட்டில் வாயில்லை. பையனுக்கு எழுது, வரச் சொல் என்று நைனா சொன்னால் நான் எழுதத்தான் வேண்டும். அவர் சொல்லச் சொல்ல, அவர் எதிரில் உட்கார்ந்து எழுதுவேன். பெண் லட்சணமாக இருக்கிறாள், உடனே புறப்பட்டு வா என்றெல்லாம் எழுதுவேன். நீ முதலில் தாளின் தலையைப் பார். இடம் விட்டிருந்தால் வராதே. ஒப்பந்தம் விடவில்லை என்று பதில் போடு. தீபாவளிக்கும் அப்படித்தான், பொங்கலுக்கும் அப்படித்தான். அப்படியானால் அம்மாவைப் பார்ப்பது எப்போது என்று கேட்காதே. எனக்கும் தெரியவில்லை. நீ வெளியே போகிறாய் என்பதை வைத்துத்தான் நான் இந்த வீட்டுக்குள் இருக்கமுடியும்.

உன் பெட்டியில் புதுச் சட்டைகள் ஐந்தும் அடியில் இருக்கின்றன. இந்தத் தடவை தோகையைத் தோள் வரைக்கும் இறக்கியிருக்கிறேன். ஜிகினா உதிர்ந்தால் தைக்க மிச்சமும் ஊசியும் பவுடர் டப்பாவில் இருக்கின்றன. பருப்புப்பொடி இரண்டு டப்பா, ஒன்று பாஸ்கருக்கு. அவனுக்குப் பூண்டு ஆகாது என்று ராஜமாணிக்கம் சொன்னான், அதனால் அவனுடையதில் போடவில்லை. பச்சை மூடி அவனுடையது, மாற்றிவிடாதே. அவன் துண்டு நைந்துபோயிருக்கிறது, நான் அன்றைக்கே பார்த்தேன். புதிதாக ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். அம்மா கொடுத்தாள் என்று சொல்லியே கொடு. உனக்கு உடம்புக்கு ஆகாமல் போனால் பக்கத்தில் இருந்து கஞ்சி கொடுப்பது அவன்தான், எனக்குத் தெரியும். அவனுக்கும் நீ அப்படி இரு.

இதைப் படித்ததும் கிழித்துவிடு. சேர்ந்ததும் நைனா பேருக்கு ஒரு கார்டு போடு, இங்கே அவர்தான் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவார். ரயில் வந்தது, சாப்பாடு கிடைக்கிறது, இடம் நன்றாக இருக்கிறது, என்ன வேண்டுமானாலும் எழுது. தலையில் மட்டும் அவள் பேரை எழுது. உன் கையால், முழுதாக. நைனா அதை வாசிக்காமல் தாண்டிப்போவார். கார்டை எடுத்துவைக்கிற சாக்கில் வாங்கி நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா